எக்செல்லில் செல்களை மெர்ஜ் செய்யாமல் (ஒரே செல்லாக இணைக்காமல்) ஒரு தலைப்பைப் பல செல்களுக்கு நடுவே கொண்டுவருவது எப்படி?

தலைப்பு எந்தெந்த செல்களுக்கு நடுவே வர வேண்டுமோ, அவற்றை இழுத்துத் தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோலையும் 1-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். மேக்கில் கமாண்டும் 1-ம். ‘ஃபார்மேட் செல்ஸ்’ பெட்டி திறக்கும். அதில் ‘அலைன்மென்ட்’ பக்கத்துக்குப் போய் ‘ஹரிசான்டல்’ பட்டியலை விரித்தால், கீழிருந்து இரண்டாவதாக ‘சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன்’ இருக்கும். அதைத் தேர்ந்து ஓகே கொடுங்கள். பார்ப்பதற்கு மெர்ஜ் செய்தது போலவே தெரியும், ஆனால் ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகவே இருக்கும்.

இவ்வளவு நல்ல வசதி மேலே ரிப்பனில் ஒரு பட்டனாகக்கூட இல்லாததால்தான் பலருக்கும் இது தெரிவதில்லை. ‘மெர்ஜ் அண்ட் சென்டர்’ பட்டன் கண்ணெதிரே இருக்கிறது, கை தானாக அங்கே போய்விடுகிறது. உண்மையில் இரண்டில் மூத்தது சென்டர் அக்ராஸ்தான். செல்களை மெர்ஜ் செய்யும் வசதி எக்செல் 97-இல்தான் வந்தது.

உதாரணத்துக்கு, மூன்று தேர்வுகள் கொண்ட ஒரு பள்ளியின் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஏ-யில் வரிசை எண், பி-யில் பெயர். சி முதல் எச் வரை காலாண்டு: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், மொத்தம். ஐ முதல் என் வரை அரையாண்டு, ஓ முதல் டி (T) வரை முழு ஆண்டு. முதல் வரிசையில் பள்ளியின் பெயர், இரண்டாவதில் தேர்வின் பெயர்கள், மூன்றாவதில் பாடங்கள், நான்காவதிலிருந்து மாணவர்கள்.

சி2-இல் ‘காலாண்டு’, ஐ2-இல் ‘அரையாண்டு’, ஓ2-இல் ‘முழு ஆண்டு’ என்று அடியுங்கள். பிறகு மூன்று தொகுதியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கத் தேவையே இல்லை. சி2 முதல் டி2 (T2) வரை பதினெட்டு செல்களையும் ஒரே இழுப்பில் எடுத்து, ஒரே ஒருமுறை சென்டர் அக்ராஸ் கொடுங்கள். மூன்று தலைப்பும் அதனதன் ஆறு நெடுவரிசைக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், பின்னால் வரும் குழப்பங்கள் எல்லாம் எளிதில் புரியும். எழுத்து இருக்கும் செல்லிலிருந்து எக்செல் வலப்பக்கமாகப் பார்த்துக்கொண்டே போகும். அடுத்த செல் காலியாகவும் இருந்து, அதற்கும் இதே அலைன்மென்ட் இருந்தால், அந்த இடத்தையும் சேர்த்துக்கொள்ளும். ஏதாவது எழுதியிருக்கும் செல் வந்ததும் நின்றுவிடும். அங்கிருந்து அடுத்த தலைப்பு தொடங்கும்.

ஆகவே எழுத்து எப்போதும் இடது ஓரத்து செல்லில் இருக்க வேண்டும். ‘காலாண்டு’ என்பதை நடுவில் இருக்கட்டும் என்று இ2-இல் அடித்தால், அது இ முதல் எச் வரைக்குத்தான் நடுவே வரும்; சி-யும் டி-யும் (D) வெறுமையாக விடப்பட்டு, தலைப்பு வலப்பக்கம் ஒதுங்கி நிற்கும்.

நன்றாக இருந்த தலைப்பு ஒருநாள் திடீரென்று ஓரம் போயிருந்தால், நடுவில் உள்ள ஏதோ ஒரு செல் காலியாக இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் யாரோ ஸ்பேஸ் பாரைத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எக்செல் கணக்கில் அது எழுத்து. வெற்று மேற்கோள்குறியைத் திருப்பித்தரும் ஃபார்முலா இருந்தாலும் இதே கதிதான்: செல் வெறுமையாகத் தெரியும், காலி என்று கணக்காகாது. சந்தேகப்படும் செல்களைத் தேர்ந்து டெலீட் விசையை ஒருமுறை தட்டினால் சரியாகிவிடும், அலைன்மென்ட் போகாது. முதல் செல்லை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், தலைப்பே போய்விடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. அரையாண்டுத் தேர்வு இன்னும் நடக்கவில்லை என்று ஐ2-ஐக் காலியாக விட்டால், ‘காலாண்டு’ சி முதல் என் வரை பன்னிரண்டு நெடுவரிசைக்கு நடுவே போய் நிற்கும். அப்போது ஐ2-இல் நாமே ஒரு ஸ்பேஸ் போட்டு வைத்தால் தடுப்பாகிவிடும்.

கூட வேலை செய்பவர்களிடம் ஒன்றைச் சொல்லிவைப்பது நல்லது. தலைப்பின் மேல் நேராகக் கிளிக் செய்தால் ஃபார்முலா பார் காலியாகத் தெரியும், ஏனென்றால் அவர்கள் தொட்டது இ2 அல்லது எஃப்2; எழுத்து இருப்பது சி2-இல். தலைப்பை மாற்ற நினைத்து அங்கேயே அடித்துவிட்டால் பழைய தலைப்பும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதேபோல சி நெடுவரிசையை முழுவதும் நீக்கினால் தலைப்பும் சேர்ந்து போகும். நிறம் கொடுக்கும்போது ஆறு செல்களுக்கும் கொடுங்கள். கோடு வேண்டுமென்றால் ஆறையும் தேர்ந்து வெளிக்கோடு மட்டும் போடுங்கள்: கன்ட்ரோல், ஷிஃப்ட், 7.

மெர்ஜ் செய்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். இதே பட்டியலை மொத்த மதிப்பெண்படி சார்ட் செய்ய (sort, அதாவது வரிசைப்படுத்த) முயலுங்கள். எடுத்த பகுதிக்குள் மெர்ஜ் ஆன செல் ஒன்று சிக்கினாலும், எல்லா மெர்ஜ் செல்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சொல்லி எக்செல் மறுத்துவிடும். டி (D) நெடுவரிசையை மட்டும் எடுக்கலாம் என்று கன்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தினால், மேலே மெர்ஜ் ஆன தலைப்பு சி முதல் எச் வரை எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துவரும். நீண்ட வாசகத்தை மெர்ஜ் செய்து ‘ரேப் டெக்ஸ்ட்’ கொடுத்தால் வரிசையின் உயரம் தானாகக் கூடாது, கடைசி வரி மறைந்தே கிடக்கும். எல்லாவற்றையும்விட வருத்தமானது மெர்ஜ் செய்யும் அந்த நொடியில் நடப்பது: இடது மேல் மூலையில் உள்ளது மட்டும் மிஞ்சும், மற்றவை அழிந்துபோகும். எச்சரிக்கை வரும், அவசரத்தில் ஓகே கொடுத்துவிடுவார்கள்.

ஏற்கனவே மெர்ஜ் செய்து வந்த ஃபைலைத் திருத்துவதும் சுலபம்தான். கன்ட்ரோல் எஃப், ‘ஆப்ஷன்ஸ்’, ‘ஃபார்மேட்’, ‘அலைன்மென்ட்’ என்று போய் ‘மெர்ஜ் செல்ஸ்’ என்பதை டிக் செய்து ‘ஃபைண்ட் ஆல்’ கொடுத்தால், ஷீட்டில் எங்கெங்கே மெர்ஜ் இருக்கிறது என்ற பட்டியல் கீழே வந்துவிடும். பிறகு தலைப்பு வரிசையைத் தேர்ந்து கன்ட்ரோல் 1. ‘மெர்ஜ் செல்ஸ்’ டிக்கை எடுப்பதும் சென்டர் அக்ராஸைத் தேர்வதும் ஒரே பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம். மெர்ஜ் பிரியும்போது எழுத்து இடது செல்லுக்கே போகும். நமக்கு வேண்டியதும் அங்கேதான்.

மேலிருந்து கீழாக மெர்ஜ் செய்திருந்தால்? உதாரணமாக, பெயருக்கு முன்னால் ‘பிரிவு’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, ‘அ பிரிவு’ என்பதை இருபது வரிசைக்குச் சேர்த்து ஒரே செல்லாக்கியிருப்பார்கள். சென்டர் அக்ராஸ் இடவலமாக மட்டுமே வேலை செய்யும், செங்குத்தாக அப்படி ஒரு வசதி எக்செல்லில் இல்லை. இங்கே மெர்ஜைப் பிரித்து, ஒவ்வொரு வரிசையிலும் பிரிவின் பெயரை நிரப்பிவிடுவதே சரி. இல்லையென்றால் ‘அ பிரிவு’ என்று ஃபில்டர் செய்தால் இருபது பேரில் முதல் மாணவர் மட்டுமே வருவார், மற்ற பத்தொன்பது செல்லும் உள்ளே காலி.

நிரப்ப ஒரு நிமிடம் போதும். பிரித்த நெடுவரிசையில் மாணவர்கள் இருக்கும் பகுதியைத் தேர்ந்து எஃப்5 அழுத்தி, ‘ஸ்பெஷல்’ போய், ‘பிளாங்க்ஸ்’ கொடுங்கள். காலி செல்கள் மட்டும் தேர்வாகும். அப்படியே சமக்குறி அடித்து, மேல் அம்புக்குறியை ஒருமுறை தட்டி, கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்துங்கள். எல்லாம் நிரம்பிவிடும். மறக்காமல் அந்த நெடுவரிசையை காப்பி செய்து, ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ வழியாக ‘வேல்யூஸ்’ மட்டும் ஒட்டுங்கள். ஃபார்முலாவாகவே விட்டுவிட்டு சார்ட் செய்தால் பிரிவுகள் மாறிப்போகும்.

ஒரே சொல் இருபது முறை வருவது கண்ணை உறுத்தினால், மேல் செல்லும் இதுவும் சமமாக இருந்தால் எழுத்து வெளிர் சாம்பலாகட்டும் என்று கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போடலாம். வெள்ளையாக்கி முழுவதும் மறைக்க வேண்டாம். ஃபில்டர் செய்யும்போது அந்த விதி ஒளிந்துகிடக்கும் மேல் வரிசையோடுதான் ஒப்பிடும். அதனால் திரையில் முதலில் நிற்கும் மாணவருக்கே பிரிவு தெரியாமல் போகும்.

பிவட் டேபிள் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்டர் அக்ராஸ் செய்த வரிசையிலும் டி2 (D2), இ2 எல்லாம் காலிதான். இரண்டாம் வரிசையைத் தலைப்பாகச் சேர்த்துக் கொடுத்தால் மெர்ஜில் வரும் அதே பிழை இங்கேயும் வரும். மூன்றாம் வரிசையிலிருந்து கொடுங்கள், அதில் ஒரு செல்கூடக் காலியாக இருக்கக் கூடாது. கன்ட்ரோல் டி (T) கொடுத்து டேபிளாக மாற்றினாலும் மூன்றிலிருந்தே மாற்றுங்கள். ஆனால் மூன்று இடத்தில் ‘தமிழ்’ இருந்தால் எக்செல் தானாகவே தமிழ்2, தமிழ்3 என்று மாற்றிவிடும். ‘காலாண்டு தமிழ்’, ‘அரையாண்டு தமிழ்’ என்று முன்பே பிரித்து எழுதிவிடுவது நல்லது.

ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறப்பது சலிப்பாக இருந்தால், ஒரு இடத்தில் செய்துவிட்டு அடுத்த இடத்தைத் தேர்ந்து எஃப்4 தட்டுங்கள். கடைசியாகச் செய்ததைத் திரும்பச் செய்யும். நிரந்தர வழி வேண்டுமானால் ‘செல் ஸ்டைல்ஸ்’ போய்ப் புது ஸ்டைல் உருவாக்கி, அலைன்மென்ட் தவிர மற்ற டிக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, சென்டர் அக்ராஸ் வையுங்கள். ஸ்டைல் அந்த ஃபைலோடு மட்டும் இருக்கும். வேறு ஃபைலில் வேண்டுமென்றால் இரண்டையும் திறந்துவைத்து ‘மெர்ஜ் ஸ்டைல்ஸ்’ கொடுக்க வேண்டும். மேக்ரோவாக, அதாவது செய்யும் படிகளை அப்படியே திரும்ப ஓட்டும்படி, பதிவு செய்தும் வைக்கலாம். ஆனால் மேக்ரோ ஓடியதும் அதற்கு முன் செய்தவற்றை அன்டூ செய்ய முடியாது, அதனால் ஸ்டைலே மேல் என்பது என் கருத்து.

கூகுள் ஷீட்ஸில் சென்டர் அக்ராஸ் கிடையாது. அங்கே தலைப்பை நடு நெடுவரிசையில் அடித்து சாதாரண சென்டர் கொடுங்கள். இரு பக்கமும் செல்கள் காலியாக இருந்தால் எழுத்து இரண்டு பக்கமும் வழிந்து நிற்கும். நெடுவரிசைகள் ஒற்றைப்படை எண்ணிக்கையிலும் ஒரே அகலத்திலும் இருந்தால்தான் இது துல்லியமாக இருக்கும்.

பட்டியலுக்குக் கீழே நாலைந்து வரியில் குறிப்பு எழுதவும் பலர் மெர்ஜ் செய்கிறார்கள். அதற்கு எக்செல்லில் வேறு வழி இருக்கிறது. குறிப்பை ஏ46-இல் அடித்து, ஏ46 முதல் எச்52 வரை தேர்ந்து, ‘ஹோம்’ பகுதியில் ‘ஃபில்’, அதற்குள் ‘ஜஸ்டிஃபை’ கொடுங்கள். வாசகம் எச் வரையுள்ள அகலத்துக்கு மடங்கி, ஏ46, ஏ47 என்று வரிவரியாக இறங்கும். 255 எழுத்துக்கு மேல் போனால் வெட்டுப்படும், அதனால் முதலில் லென் ஃபார்முலாவால் எண்ணிப் பாருங்கள். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும்: ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு லென் தருவது 5. பின்னால் நெடுவரிசையின் அகலத்தை மாற்றினால் வரிகள் தானாகத் திரும்ப மடங்காது, ஜஸ்டிஃபையை மறுபடி கொடுக்க வேண்டும்.

பிரின்ட் எடுக்கும்போது, ஏ முதல் டி (T) வரை பரவிய பள்ளியின் பெயர் இரண்டு தாளுக்கு நடுவே பிளந்துபோகாமல் இருக்க, பிரின்ட் அமைப்பில் எல்லா நெடுவரிசையும் ஒரே பக்கத்தில் வருமாறு வையுங்கள். மாணவர்கள் அதிகமாகி இரண்டாம் தாளுக்குப் போனால், ‘பிரின்ட் டைட்டில்ஸ்’ பகுதியில் மேலே திரும்ப வர வேண்டிய வரிசைகளாக 1 முதல் 3 வரை கொடுத்துவிடுங்கள்.