‘டெலிவாஞ்சலிஸ்ட்’ என்றால் யார்? எல்லாத் தொலைக்காட்சிப் போதகரையும் அப்படி அழைக்கலாமா?

டெலிவிஷன், இவாஞ்சலிஸ்ட் என்னும் இரு சொற்கள் இணைந்து உருவான அமெரிக்கச் சொல் இது. இரண்டாவது சொல்லின் வேர் ‘நற்செய்தி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். நம் ‘சுவிசேஷகர்’ அதற்கு நேரானது. ஆகவே ‘தொலைக்காட்சிச் சுவிசேஷகர்’ என்பதே, என் கருத்தில், பொருத்தமான தமிழாக்கம்.

தொடர்ந்து ஒளிபரப்பு ஊழியம் நடத்தி, பெரும்பாலும் நேயர்களின் காணிக்கையால் அதைத் தாங்கும், அமெரிக்கப் போதகர் ஓரல் ராபர்ட்ஸ் போன்றோரையே இச்சொல் முதன்மையாகக் குறிக்கும். ஆலய வழிபாடு ஒளிபரப்பாகிறது என்பதற்காக ஒரு பங்குத்தந்தையை இப்படி அழைப்பது தவறு. 1989இல் ஜிம் பேக்கர் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சிச் சுவிசேஷகர் நன்கொடையாளர்களை ஏமாற்றிய வழக்கில் தண்டிக்கப்பட்டார். அக்காலத்து ஊழல்களுக்குப் பின் இச்சொல்லில் இகழ்ச்சித் தொனியும் ஏறிவிட்டதால், மதிக்கும் ஒருவரைக் குறிக்கையில் ‘தொலைக்காட்சிப் போதகர்’ என்றே எழுதுங்கள்.