கடைசி எதிரி

அன்புள்ள சார்,

சிறுவயதில் பொருட்காட்சிக்குப் போய் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வீடியோ கேம் ஆடுவதற்காக அப்பாவின் சட்டைப்பையில் சில்லறை திருடி உதை வாங்கியவன் நான். போன வாரம் அதே ஆட்டத்தைக் கைப்பேசியில் இறக்கி என் மகனிடம் கொடுத்தேன். ஐந்தே நிமிடம். “இவ்வளவுதானா அப்பா?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். நாங்கள் கொண்டாடியது அந்த வயதை மட்டும்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்து நிமிடம் ஆடினானே, அதுவே பெரிது. ஆனால் எல்லாம் வயதின் மயக்கம் என்பதை நான் ஒப்பமாட்டேன்.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமொஹிரோ நிஷிகாடோ ஏறக்குறையத் தனியாளாக உருவாக்கிய ஆட்டம் அது. வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசை, ஆக 55 எதிரிகள் மேலிருந்து இறங்கி வருவார்கள், நீங்கள் கீழிருந்து சுடவேண்டும். மேலே கணவாய், நடுவில் நண்டு, அடியில் ஆக்டோபஸ். (மீன்சந்தையே படையெடுத்து வருவதாகத்தான் எனக்குத் தோன்றும்.) உள்ளே இருந்த இன்டெல் 8080 என்ற கணினிச் சில்லுக்கு அத்தனை பேரையும் ஒருசேர நகர்த்தத் திராணி இல்லை. நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஒருவர் மட்டுமே நகர்வார். எல்லோரும் ஓரடி வைத்து முடிக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். நீங்கள் சுடச் சுட ஆள் குறைவதால், மிஞ்சியவர்களுக்கு முறை சீக்கிரமே வந்துவிடும். பத்துப் பேர் இருக்கும்போது நடை ஓட்டமாகும். கடைசியாக ஒருவன் மிஞ்சுவானே, அவன் பறப்பான். பாரம் இறங்கிய மாட்டுவண்டியின் வேகம் அது. நிஷிகாடோ இதைக் கவனித்தார், திருத்தாமல் விட்டுவிட்டார். அவருடைய கெட்டிக்காரத்தனம் எனக்கு அங்கேதான் தெரிகிறது.

கூடவே அந்த நான்கு சுரங்கள். தும், தும் என்று அடிவயிற்றில் இடிக்கும். ஆள் குறையக் குறைய அதுவும் விரையும். பொருட்காட்சி இரைச்சலில் ராட்டினக்காரனின் ஒலிபெருக்கியைத் தாண்டி எனக்குக் கேட்டது அதுதான். கடைசி ஆளை நான் பெரும்பாலும் தவறவிடுவேன். பின்னால் நிற்பவன் “ச்சே” என்பான், ஆனால் முகத்தில் சிரிப்பு இருக்கும். அடுத்தது அவன் முறையல்லவா?

உங்கள் கைப்பேசிக்கு 55 பேர் ஒரு பொருட்டே அல்ல. பழைய சில்லின் திணறலை அது கணக்குப்போட்டு நடிக்கவேண்டியிருக்கிறது. நன்றாகவே நடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் மகன் கடைசி ஆள்வரை போனானா? ஒலியை அணைத்துவிட்டு ஆடினானா? கேட்டு எழுதுங்கள். சில்லறை விஷயத்தை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.