கறுப்புக் காரில் சிலந்தி வலைக் கீறல்: எந்த பாலிஷ், எந்த பேட்?

நான்கு வருடக் கறுப்புக் கார், வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல், நானே மெஷின் வாங்கிப் போக்க நினைக்கிறேன், எந்த பாலிஷ், எந்த பேட் வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பேடை, அதாவது மெஷினில் மாட்டித் தேய்க்கிற மெத்தையை, முடிவு செய்யுங்கள், பாலிஷ் பாட்டில் அப்புறம். ஒரே பாலிஷை மூன்று வகை பேடில் போட்டால் மூன்று விதமாக வேலை செய்யும். மெத்தென்ற ஃபோமில் பளபளப்பை மட்டும் ஏற்றுகிற அதே பாலிஷ், மைக்ரோஃபைபர் பேடில் கீறலை வழித்து எடுத்துவிடும். கடைகளில் எல்லோரும் பாட்டிலின் பெயரைத்தான் கேட்கிறார்கள், பேடை ஏதோ துணை சாமான் மாதிரி ஒன்றே ஒன்று வாங்கிப் போகிறார்கள். அங்கேதான் பாதி வேலை கெடுகிறது.

என்னுடையதும் கறுப்பு வண்டிதான், பழைய ஹோண்டா சிட்டி. வாங்கிய முதல் வருடம் ஒரு கடையில் ரப்பிங் பாலிஷுக்கு விட்டேன். சாயங்காலம் டியூப் லைட் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று வாரம், இரண்டு ஷாம்பு வாஷ். அவ்வளவுதான், பழைய கீறல்கள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. எண்ணெயும் வேக்ஸும் பள்ளங்களை நிரப்பி மறைத்திருந்தன, கழுவியதும் கரைந்து போயின. கூடவே புதிதாக ஒன்று: வெயிலில் நடந்துகொண்டே பார்த்தால், காரோடு கூடவே நகர்கிற நீள நீளமான ஒளிப்பட்டைகள். ரோட்டரி மெஷினில், அதாவது ஆடாமல் ஒரே அச்சில் சுழல்கிற வகையில், கம்பளி பேடைப் போட்டு ஓட்டி, அதற்கு மேல் மென்மையான பேடால் முடிக்காமல் விட்டால் வருகிற தடம் அது. முன் சக்கரத்துக்கு மேலே உள்ள மடிப்பில் விரல் நீளத்துக்குக் கிளியர் கோட்டே, அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கிற கண்ணாடி போன்ற பூச்சே, போயிருந்தது. அதை எந்த பாலிஷாலும் திரும்பக் கொண்டுவர முடியாது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

கீறலைப் 'போக்குவது' என்று சொல்கிறோமே, உண்மையில் கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து, பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறக்குகிறோம். கம்பெனி பெயின்டின் மொத்தக் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலே இருக்கிற கிளியர் கோட் 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். நம் தலைமுடி ஒன்றின் கனம் 70 மைக்ரான் என்று வைத்துப் பாருங்கள். மிதமான பாலிஷ் ஒரு முறை ஓடினால் ஓரிரு மைக்ரான் போகும். காம்பவுண்ட் என்கிற முரட்டு பாலிஷும் கம்பளி பேடும் சேர்ந்தால் அதைவிட நிறையப் போகும். போனது போனதுதான், வளராது. கிளியர் கோட் மெலிந்துபோன பானெட்டும் கூரையும் நம் ஊர் வெயிலில் எப்படித் தோல் உரிகின்றன என்று பார்த்திருப்பீர்கள். அதனால் நகத்தை வைத்து இழுத்தால் நகம் சிக்குகிற கீறலைத் துரத்தாதீர்கள். விளிம்பை மழுங்க வைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

சரி, வாங்கும் கதைக்கு வருவோம். பேடின் நிறத்தை நம்பி வாங்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரூப்பஸ் ஃபோமில் நீலம் முரடு, பச்சை நடுத்தரம், மஞ்சள் மென்மை, வெள்ளை மிக மென்மை. லேக் கன்ட்ரியின் பழைய வரிசையிலோ மஞ்சள்தான் இருப்பதிலேயே முரடு, ஆரஞ்சு அதற்கு அடுத்தது, வெள்ளை பாலிஷுக்கு, கறுப்பு கடைசி மெருகுக்கு. ஒரு கம்பெனியின் மஞ்சளைப் பழகிவிட்டு இன்னொன்றின் மஞ்சளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டில் எண்களும் இப்படித்தான். மென்செர்னாவில் 400 முரடு, 2400 நடுத்தரம், 3800 கடைசி மெருகு. எண் ஏற ஏற மென்மை. கோச் கெமியில் தலைகீழ்: எச்9 முரடு, எஃப்6 நடுத்தரம், எம்3 மென்மை. மெக்வயர்ஸில் 105 கீறலை வெட்டி எடுக்கும், 205 மெருகேற்றும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மென்செர்னா மாதிரியான பாலிஷில் உள்ள துகள்கள் தேய்க்கத் தேய்க்கப் பொடியாகி மென்மையாகும். பாதியில் நிறுத்தினால் மங்கல்தான் மிஞ்சும், முழுச் சுற்றும் ஓட்ட வேண்டும். மெக்வயர்ஸ் 105, 205 இரண்டிலும் துகள் உடையாமல் கடைசிவரை அப்படியே இருக்கும். கீறல் போயிற்று என்று தெரிந்ததும் நிறுத்திவிடலாம்.

கறுப்பு வண்டிக்கு நான் சொல்வது இது. நடுத்தர ஃபோம் நான்கு, மென்மையான ஃபோம் இரண்டு, தூண்களுக்கும் கண்ணாடிக் கூடுகளுக்கும் 3 அங்குலத்தில் இரண்டு. பாலிஷ் இரண்டே பாட்டில்: ஒரு நடுத்தரம், ஒரு கடைசி மெருகு. காம்பவுண்டை இப்போது வாங்க வேண்டாம். மெஷின் டூயல் ஆக்ஷன், அதாவது சுழன்றுகொண்டே ஆடுகிற வகை. நண்பரிடம் ரோட்டரி சும்மா கிடைக்கிறது என்றாலும் முதல் வேலைக்கு அது வேண்டாம். டீட்டெய்லிங் செய்பவர்கள் பொதுவாக ஹோண்டா, சுபாரு பெயின்ட் மென்மை, ஃபோக்ஸ்வாகன், ஆடி கடினம் என்பார்கள். என் அனுபவத்தில் ஹோண்டா நிச்சயம் மென்மைதான், துடைக்கிற துணி கொஞ்சம் முரடாக இருந்தாலே கோடு விழும். மென்மையான பெயின்டில் மைக்ரோஃபைபர் பேடைப் போட்டால் கீறல் போய்ப் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல் வரும். உங்கள் வண்டியின் பெயின்ட் கடினமாக இருந்து நடுத்தர ஃபோம் அசையாவிட்டால், அப்போது மைக்ரோஃபைபர் பேடுக்குப் போங்கள். ஏதாவது ஒரு கதவு மறுபடி பெயின்ட் அடித்ததாக இருந்தால் அது தனி நாடு, அதன் குணமே வேறாக இருக்கும்.

இந்த முடிவையெல்லாம் எடுத்துத் தரப்போவது பானெட்டில் ஒரே ஒரு சோதனைக் கட்டம். வண்டியைக் கழுவி, க்ளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) போட்டு வழவழப்பாக்கிய பிறகு, பானெட்டில் 2 அடிக்கு 2 அடி இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இருப்பதிலேயே மென்மையான பேட், பாலிஷ் ஜோடியிலிருந்து ஆரம்பியுங்கள். புது பேடில் முதல் தடவை பாலிஷை விரலால் மெல்லிசாகப் பூசிவிட்டு, அதற்கு மேல் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு வையுங்கள், போதும். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, மெஷினின் வேகத்தை 4 அல்லது 5-இல் வைத்து, நொடிக்கு ஒரு அங்குலம் என்ற நிதானத்தில் இடவலமாக, பிறகு மேல்கீழாக. பேடின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுழல்வது நின்றுவிட்டால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள், அல்லது மெஷின் சாய்ந்திருக்கிறது. நாலைந்து சுற்று ஆனதும் துடைத்து, ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்து மறுபடி துடையுங்கள். இதை விட்டுவிட்டால் பாலிஷில் உள்ள எண்ணெய் உங்களை ஏமாற்றும், எனக்குக் கடையில் நடந்ததுதான் உங்களுக்கு வீட்டில் நடக்கும். இப்போது டேப்பை உரித்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

நான் முதலில் இதைச் செய்தது என் காரில்கூட இல்லை, பழைய கார் பாகங்கள் விற்கிற சென்னை புதுப்பேட்டையில் வாங்கி வந்த ஒரு பழைய கறுப்பு பானெட்டில். நடுத்தர ஃபோம், மென்செர்னா 2400. டேப்பை உரித்ததும் இந்தப் பக்கம் டார்ச்சைச் சுற்றி வலை, அந்தப் பக்கம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது போலக் கறுப்பு, நடுவில் டார்ச்சின் பல்ப் மட்டும் ஒரு புள்ளியாக. இடையில் ஓடிய கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. என் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தக் கோட்டையும் அழிச்சிடுங்க, கண்ணை உறுத்துது" என்றாள். அன்றைக்கே அதே பானெட்டின் விளிம்பில் வேண்டுமென்றே மெஷினை நிறுத்தி வைத்து, எவ்வளவு நேரத்தில் கிளியர் கோட் போகிறது என்றும் பார்த்துக்கொண்டேன். அதைப் பார்த்த பிறகு காரின் மடிப்புகளிலும் ஓரங்களிலும் டேப் ஒட்டாமல் நான் மெஷினைத் தொட்டதில்லை.

பேட்கள் ஏன் அத்தனை என்றால், பாலிஷும் வழித்தெடுத்த பெயின்டும் சேர்ந்து பேட் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், நடுப்பகுதி சூடாகும். அடைத்த பேட் வெட்டாது, புதுக் கோடுதான் போடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், இரண்டு மூன்று பேனலுக்கு ஒரு முறை பேடை மாற்றுங்கள். சென்னை வெயிலில் பகல் பதினொரு மணிக்கு பானெட்டில் கை வைக்க முடியாது, பாலிஷ் பரப்புவதற்குள் காய்ந்து தூளாகிவிடும். நான் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் மூடிவிடுவேன். முழு வண்டிக்கு இரண்டு மூன்று காலைகள் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

முடித்த பிறகு வேக்ஸோ சீலன்ட்டோ எது வேண்டுமானாலும் போடுங்கள், அது உங்கள் வசதி. கீறல் எங்கிருந்து வந்தது என்பதை அடைக்காவிட்டால் இரண்டு மாதத்தில் திரும்ப வரும். எங்கள் அப்பார்ட்மென்டில் தினமும் காலையில் எல்லா வண்டியையும் ஒரே வாளி, ஒரே மஞ்சள் துணியில் துடைப்பார்கள். போர் தண்ணீர், துணியில் முந்தின வண்டியின் மணல். துடைக்க வருகிறவர் பல வருடப் பழக்கம். "அண்ணே, என் வண்டியில மேல மட்டும் கை வைக்காதீங்க, டயரும் உள்ள மேட்டும் பாருங்க, மாசக் காசுல ஒண்ணும் குறையாது" என்றேன். முதல் வாரம் அவருக்கு வருத்தம்தான். கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினேன். பக்கத்து வண்டியையும் என் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தவர், மறுநாளிலிருந்து மற்ற வண்டிகளிலும் தூசியைத் தண்ணீர் ஊற்றி இறக்கிவிட்டுத்தான் துணியை எடுக்கிறார். நான் வாரம் ஒரு முறை இரண்டு வாளி வைத்து மைக்ரோஃபைபர் மிட்டால் கழுவுகிறேன். முழு பாலிஷ் போட்டு மூன்று வருடம் ஆகிறது. இடையில் ஒரே ஒரு தடவை, பானெட்டுக்கு மட்டும், மென்மையான ஃபோமும் 3800-உம் தேவைப்பட்டது.