மேட்டூர் அனல் மின் நிலையத்தை இன்னும் விரிவாக்கினால் கொங்குப் பகுதிக்கு நல்லதா?

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். இன்னொரு நிலக்கரி அலகு வேண்டாம் என்பதே என் கட்சி. அதற்காக இருப்பதை மூடச் சொல்கிறவர்களோடும் சேரமாட்டேன்.

மேட்டூரில் 210 மெகாவாட் அலகுகள் நான்கு, 1987 முதல் 1990க்குள் வந்தவை. 2013இல் 600 மெகாவாட் அலகு ஒன்று சேர்ந்து மொத்தம் 1,440 ஆனது. அதற்கு முந்தைய மின்வெட்டுக் காலத்தில் கரண்ட் வரும் நேரம் பார்த்துத்தான் தறிக்கு ஆள் கூப்பிடுவோம். அதனால் அன்றைய விரிவாக்கத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது சங்கதி வேறுங்க. மே முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளை ஓட்டிவிடுகிறது. பகலுக்குச் சோலார் இருக்கிறது. இடிப்பது பொழுது சாய்ந்த பிறகுதான். வீட்டு விளக்கு, ஏசி, தறிக்கூடம் எல்லாம் சேர்ந்து இழுக்கும் அந்த நாலைந்து மணி நேரம். அதற்காக மட்டும் ஒரு கொதிகலனை மூட்டி அணைக்க முடியாது. ஆறிப்போன அலகு மறுபடி எழவே பல மணி நேரம் ஆகும்.

அப்புறம் நிலக்கரி. ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, பாரதீப்பில் கப்பலேற்றி, எண்ணூரில் இறக்கி, அங்கிருந்து ரயிலில் மேட்டூர் வர வேண்டும். யூனிட்டுக்கு முக்கால் கிலோ என்று கணக்குப் போட்டால், 1,440 மெகாவாட்டும் முழுதாக ஓடும் நாளில் 25 ஆயிரம் டன்னுக்குக் குறையாது. அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். சிமென்ட் ஆலையும் சாம்பல் கல் போடுகிறவர்களும் எடுத்ததுபோக மிச்சத்தை அந்த ஊர்தான் சுமக்க வேண்டும். கரண்ட் மட்டும் நமக்கு வந்து சேர்ந்துவிடும்!

புதுப் பணத்தைக் காடம்பாறை மாதிரி இடத்தில் போடலாம். ஆழியாறுக்கு மேலே மலையில் இருக்கும் 400 மெகாவாட் நிலையம், 1980களிலேயே கட்டியது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாற்றுத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவைப்படும் நேரத்தில் இறக்கினால் சில நிமிடங்களில் மின்சாரம். காற்றாலையும் சோலாரும் இவ்வளவு பெருகிய ஊரில் இப்படி ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டது எனக்குப் புரியவே இல்லை.

காற்றில்லாத மாதங்களில் ராத்திரி ஷிப்டுக்கு மேட்டூர் வேண்டும், மறுக்கவில்லை. நாற்பது வயதை நெருங்கும் அந்த நான்கு அலகுகளையும் ஒழுங்காகப் பராமரித்தால் சரி. புது அலகு என்றால் காலமும் பாருங்கள்: 2016இல் வேலை கொடுத்த வடசென்னை 800 மெகாவாட் அலகை 2024 மார்ச்சில்தான் திறந்தார்கள்.