ஒத்தெல்லோவின் கடைசிக் காட்சி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தின் முடிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: வெனிஸ் நகரத்துப் படைத்தலைவன் ஒத்தெல்லோ, கறுப்பன், காதலித்துக் கட்டிக்கொண்டவள் டெஸ்டிமோனா, வெள்ளைக்காரப் பெரிய வீட்டுப் பெண். தனக்கு வரவேண்டிய பதவி காசியோவுக்குப் போய்விட்ட ஆத்திரத்தில், ஒத்தெல்லோவின் கீழ் வேலைபார்க்கும் இயாகோ, அவளுக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று புருஷனை நம்பவைக்கிறான். அவள் தவறவிட்ட ஒரு கைக்குட்டையைச் சாட்சியாகக் காட்டுகிறான், ஒத்தெல்லோ அவளைக் கட்டிலிலேயே மூச்சடைத்துக் கொன்றுவிடுகிறான். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

குடியாத்தம் மாணவி: சார், ஒரு கைக்குட்டை தொலைஞ்சதுக்காகவா பொண்டாட்டியைக் கொல்லுவான்? நம்பவே முடியல.

1693-இல் தாமஸ் ரைமர் என்ற விமரிசகர் இதையேதான் கிண்டலாகக் கேட்டார், ஒரு கைக்குட்டைக்கு இவ்வளவு அமர்க்களமா என்று. ஆனால் கைக்குட்டை வருவதற்கு முன்பே ஒத்தெல்லோ பாதி விழுந்தாயிற்றும்மா. மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சியை மெதுவாகப் படித்துப் பார். காசியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு நகர்வதைப் பார்த்து, இது எனக்குப் பிடிக்கவில்லை என்று இயாகோ முணுமுணுப்பான். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். அப்புறம், பெற்ற அப்பனையே ஏமாற்றி உங்களைக் கட்டிக்கொண்டவள்தானே என்று ஒரு போடு. முதல் அங்கத்தில் அந்த அப்பன் வயிறெரிந்து சொல்லிவிட்டுப் போனதும் இதுதான். அதோடு எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது என்று ஒரு குத்தல், நீ வேற்றாள் என்று நினைவுபடுத்துகிற மாதிரி. முடிவு அங்கேயே எழுதியாகிவிட்டது, கைக்குட்டை வெறும் சாட்சிக் கையெழுத்து.

ஆற்காடு வாசகர்: பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். இயாகோ நம்ம சகுனிதானே சார்?

பாதி சரி. சகுனி ஏன் செய்கிறான் என்று நம் ஊர்ச் சனத்துக்குத் தெரியும்: சிறையில் பட்டினி கிடந்து செத்த தகப்பன், அவர் எலும்பில் செய்த தாயக்கட்டை. இயாகோவும் காரணம் சொல்கிறான், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக. பதவி போச்சு என்கிறான், என் பெண்டாட்டியை ஒத்தெல்லோ தொட்டான் என்று ஊர் பேசுகிறது என்கிறான், பிறகு காசியோ மேலும் அதே சந்தேகம். என்னைக் கேட்டால், ஒத்தெல்லோ காதில் ஊற்றியது அவனுக்குள்ளேயே புளித்துக்கிடந்த பொறாமைதான். நாடகத்தில் அதிக வரிகள் அவனுக்குத்தான், சபையைப் பார்த்தே அவ்வளவு பேசியிருக்கிறான். கடைசியில் ஏன் செய்தாய் என்று கேட்டால், தெரிந்தது தெரிந்ததுதான், இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். பதினெட்டாம் போர் முடிந்து பாஞ்சாலி கூந்தல் முடித்தால் நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போவோம். இங்கே அந்த நிம்மதி கிடையாது.

வாலாஜா: மூச்சடைச்சு செத்தவ எப்படி சார் திரும்பப் பேசுறா?

நாடகம் தம்பி, போஸ்ட்மார்ட்டம் இல்லை! அவள் என்ன பேசுகிறாள் என்று கவனி. உங்களை யார் இப்படிச் செய்தது என்று தோழி எமிலியா கேட்க, யாருமில்லை, நானேதான் என்கிறாள். புருஷனைக் காப்பாற்ற ஒரு பொய். அந்தப் பாவி ஒத்தெல்லோ உடனே, பொய் சொல்லிவிட்டு நரகத்துக்குப் போனாள், கொன்றது நான்தான் என்கிறான்.

காட்பாடி வாசகி: எமிலியாவை நல்லவள்னு சொல்றதா, கெட்டவள்னு சொல்றதா?

இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். இயாகோவின் மனைவி, டெஸ்டிமோனாவின் தோழி. கீழே விழுந்த கைக்குட்டையை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தவள் அவள்தான். அடுத்த காட்சியிலேயே, கைக்குட்டை எங்கே போயிருக்கும் எமிலியா என்று டெஸ்டிமோனா கேட்கிறாள். தெரியாதம்மா என்று பதில். ஒத்தெல்லோ கைக்குட்டை எங்கே எங்கே என்று குதிப்பதையும் பக்கத்தில் நின்று பார்க்கிறாள், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அப்போது சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆகவே துரோகம் அவளிடமும் உண்டு, புருஷனைத் திருப்திப்படுத்த எத்தனையோ பெண்கள் செய்கிற சின்னத் துரோகம்.

ஆனால் கடைசிக் காட்சியில் பாருங்கள். உன் புருஷன்தான் எனக்குச் சொன்னான் என்று ஒத்தெல்லோ சொன்னதும், என் புருஷனா, என் புருஷனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அந்த ஒரு கேள்விக்குள் அவள் மொத்த வாழ்க்கையும் இடிகிறது. வீட்டுக்குப் போ என்று இயாகோ கட்டளையிட, போகமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் உடைத்துச் சொல்கிறாள். அவன் கத்தியால் குத்திவிட்டு ஓடுகிறான். என் எஜமானியம்மா பக்கத்தில் படுக்கவையுங்கள் என்று கேட்டுச் சாகிறாள். இத்தனை வீரர்கள் நிற்கிற மேடையில் துணிச்சல் அவளிடம்தான் இருந்தது.

ஆம்பூர்: கல்லூரி விழாவில் கூத்துப் பாணியில் போடுறோம் அண்ணா, டெஸ்டிமோனா பெண்வேஷம். சிரிச்சிடுவாங்களா?

ஷேக்ஸ்பியர் காலத்திலும் பையன்தான் போட்டான். 1610-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பார்த்த ஒருவர், கட்டிலில் செத்துக்கிடந்தவளின் முகமே சபையை உருக்கிவிட்டது என்று கடிதம் எழுதியிருக்கிறார். ஆகவே முகம் தெரியப் படுக்கவையுங்கள், கொலை நேரத்தில் மிருதங்கம் வேண்டாம். எமிலியா கதவைத் தட்டுகிற சத்தம் மட்டும் போதும்.

ராணிப்பேட்டை: கடைசி வசனம் படிச்சா ஒத்தெல்லோ மேல பரிதாபமா இருக்கு. மன்னிக்கலாமா?

பரிதாபப்படுங்கள், அந்தப் பேச்சில் மயங்கிவிடாதீர்கள். புத்தியோடு நேசிக்கத் தெரியாமல் அளவுக்குமீறி நேசித்தவன் என்று எழுதுங்கள் என்கிறான், அதாவது தன் கதையைத் தானே எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறான். அரசுக்குச் செய்த சேவை முதலில் வருகிறது. அலெப்போவில் ஒரு துருக்கியனைக் குத்திய கதையைச் சொல்லிக்கொண்டே தன்னையும் குத்திக்கொள்கிறான். பிரமாதமான வரிகள்தான். செத்துக் கிடக்கிற எமிலியாவுக்கு அதில் ஒரு வரி கிடையாது.

இன்னொருவர்: இயாகோவுக்கு என்ன தண்டனை?

மேடையில் காட்டுவதில்லை. கதை முடிகிற சைப்ரஸ் தீவுக்கு ஆளுநராகிவிட்ட காசியோ சித்திரவதையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். 1565-இல் இத்தாலியில் சின்தியோ எழுதிய மூலக்கதையில் அந்தப் பாத்திரம் வேறொரு வழக்கில் மாட்டிச் சித்திரவதையில் செத்துப்போகிறது. அங்கே அவன் மனைவிக்கு எல்லாம் தெரியும், பயந்துபோய்ச் சும்மா இருந்துவிடுகிறாள், அவன் செத்த பிறகுதான் கதையைச் சொல்கிறாள். ஷேக்ஸ்பியர் அவளை அவன் எதிரிலேயே பேசவைத்துவிட்டார்.