நாய்க்கு வீட்டுச் சாப்பாடு: கறியும் சோறும் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு நான்கு வயது, எடை 12 கிலோ. கடையில் வாங்கும் உலர் தீவனத்தை நிறுத்திவிட்டு, இப்போது வீட்டிலேயே சமைத்துப் போடுகிறோம். பகலில் தயிர் சாதம், இரவில் எலும்பில்லாத கோழிக்கறியும் சாதமும், சில நாள்களில் நாங்கள் சாப்பிடும் சாம்பார் சாதம். இயற்கையான சாப்பாடுதானே, வேறென்ன வேண்டும் என்கிறார் என் மாமியார். இது சரிதானா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. சாதம் நாய்க்கு ஆகாது என்று பலரும் பயமுறுத்துகிறார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூடுதலாக இருப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. நன்றாக வெந்த சோறு நாய்க்குச் செரிக்கும். ஆனால் தயிர் சாதத்தில் புரதம் குறைவு என்பதால், அதையே ஒரு வேளை முழு உணவாக வைக்க வேண்டாம்.

என் உண்மையான கவலை சுண்ணாம்புச் சத்தைப் பற்றியது. 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்க, கால்சியமோ 15 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. நாயின் உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்று மிகுதியாகவோ இருக்க வேண்டும்; அது குறைந்தால், இரத்தத்தில் கால்சியத்தின் அளவு இறங்காமலிருக்க உடல் தன் எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்ளும். வெளியே நாய் கொழுகொழுவென்று மினுமினுப்பாகத் தெரியும்போதே உள்ளே எலும்பு வலுவிழந்துகொண்டிருக்கும் என்பதால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதற்காக வேகவைத்த எலும்பைப் போட்டுவிடாதீர்கள். அது கூர்மையாகச் சிதறிக் குடலைக் குத்திவிடும். முட்டை ஓட்டைக் கொதிக்க வைத்து, உலர்த்தி, மிக்ஸியில் மாவாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அரைத் தேக்கரண்டித் தூளில் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை.

இதோடு பரங்கிக்காய், கேரட், பீன்ஸ் ஆகியவற்றைக் குழைய வேகவைத்துச் சேர்க்கலாம். வாரம் இரண்டு நாள் கோழிக்குப் பதிலாக மத்தி மீனை முள் நீக்கி வேகவைத்துக் கொடுங்கள். கோழி ஈரலும் நல்லதுதான். ஆனால் வைட்டமின் ஏ மிகுந்துவிடும் என்பதால் சிறு துண்டோடு நிறுத்துங்கள். இவ்வளவு செய்தும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை பற்றாக்குறையாகவே இருக்கும். நம்மைப் போல வெயிலிலிருந்து வேண்டிய வைட்டமின் டி-யைப் பெற நாயின் உடலால் இயலாது. ஆகவே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, உங்கள் வழக்கமான கால்நடை மருத்துவரிடமோ ஒரு வாரத்து உணவை அளவோடு எழுதிக் கொண்டுபோய்க் காட்டி, ஏற்ற சத்துத்தூளைக் கேட்டு வாங்குங்கள்.

சாம்பார் சாதத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் அந்த நச்சு போவதில்லை. நாய்களின் சிறுநீரகத்தைத் திராட்சை கெடுப்பதற்குக் காரணமாகக் கருதப்படும் டார்டாரிக் அமிலம் புளியிலும் நிறைய உண்டு. ரசம், வற்றல் குழம்பு ஆகியவற்றுக்கும் இதே தடைதான்.

கேள்வி: ஐந்து மாத ராஜபாளையம் குட்டிக்குப் பச்சை இறைச்சி கொடுக்கலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.
– வாசகர், வேளச்சேரி

பதில்: வேண்டாம். பச்சை இறைச்சியிலுள்ள சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நாயின் எச்சில், மலம் வழியாகக் குழந்தைக்குத் தொற்றக்கூடும். மேலும், உயரமாக வளரும் இனக் குட்டிக்குக் கால்சியம் குறைந்தாலும் கூடினாலும் எலும்பு கோணும் என்பதால், வளர்ச்சி முடியும்வரை பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் தீவனத்தைக் கொடுங்கள். அதன் மேல் வேகவைத்த முட்டையோ கறியோ ஒரு கைப்பிடிக்கு மேல் சேர்க்க வேண்டாம்.