செட்டிநாட்டு வீட்டில் கார்ட்லெஸ் போன்: கேள்வி பதில்

கானாடுகாத்தானிலிருந்து: எங்க வீடு தெருவுக்குத் தெரு, முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. லைன் முகப்புல வருது, பேஸையும் (கைபோனை வச்சு சார்ஜ் பண்ற பெட்டி) அங்கேயே வச்சாச்சு. ஆத்தா கார்ட்லெஸ் கைபோனோட இரண்டாங்கட்டு தாண்டினாலே பேச்சு அறுந்துபோகுது. பெட்டியில 50 மீட்டர்னு போட்டிருக்கே அண்ணே?

பதில்: அந்த 50 மீட்டர் சாதாரணக் கட்டடத்துக்குச் சொன்ன கணக்கு. வெட்டவெளியில் 300 மீட்டர் வரை போகும். நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் கனமான செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஒவ்வொரு சுவரும் சிக்னலில் ஒரு பங்கைத் தின்றுவிடும். முகப்பிலிருந்து அடுப்படிவரை இப்படி நாலைந்து சுவர் குறுக்கே நிற்கிறது. போனை மாற்றிப் பயனில்லை, பேஸை மாற்றி வையுங்கள்.

முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுதான் சரியான இடம். முற்றம் திறந்து கிடப்பதால் சிக்னல் நாலு பக்கமும் கதவு வழியாகப் பரவும். தாழ்வாரத்தில் ஐந்தாறு அடி உயரத்தில் ஒரு மரப்பலகை அடித்து அதில் வையுங்கள். பெல்ஜியம் கண்ணாடிக்குப் பக்கத்தில் வேண்டாம், அதன் பின்பக்க ரசப்பூச்சு உலோகம். இரும்பு பீரோ, தகரம் அடித்த கூரை இவற்றிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். வைஃபை ரவுட்டரிலிருந்தும் அதே தூரம். உங்கள் செட் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை என்றால் வைஃபையும் அதே அலைவரிசையில் ஓடுவதால் கரகரப்பு வரும். வேறு அலைவரிசையில் ஓடும் டெக்ட் (DECT) வகைக்கு அந்தத் தொல்லை கிடையாது.

வளவில் பிளக் இருந்தால் முகப்பிலிருந்து டெலிபோன் வயரை மட்டும் நீட்டினால் போதும். உத்திரத்தை ஒட்டியே கிளிப் அடித்துக் கொண்டுபோங்கள். சுண்ணாம்புப் பூச்சில் ட்ரில் போடாதீர்கள், பொருக்குப் பொருக்காக உதிரும், அப்புறம் அந்தப் பூச்சைச் சரிசெய்ய ஆள் தேடணும். பலகை அடிப்பதற்கு முன்னால் பேஸை ஒரு ஸ்டூலில் வைத்து, யாரையாவது லைனில் பேசவிட்டு, கைபோனோடு கொல்லைவரை நடந்து பாருங்கள். எந்த வாசலில் திரையின் சிக்னல் கோடு ஒன்றாகக் குறைகிறது என்று தெரிந்துவிடும். மெனுவில் 'ஈகோ' முறை இருந்தால் அணைத்துவிடுங்கள். அது மின்சாரம் மிச்சம் பிடிக்க அலையின் வலுவைக் குறைப்பது.

பள்ளத்தூரிலிருந்து: வளவுக்கு மாத்தியும் கொல்லையில எட்டலை. இன்னொரு கம்பெனி கைபோனைச் சேர்க்கலாமா?

பதில்: கைபோனைக் கூட்டினால் தூரம் கூடாது. சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டும், அதுவும் உங்கள் பேஸின் கம்பெனி சொன்ன மாடல்தான். கைபோனில் இரண்டு கோடாவது காட்டும் இடத்தில் வையுங்கள், சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் அதற்கே எதுவும் கிடைக்காது. வேறு கம்பெனி கைபோன் 'கேப்' (GAP, கம்பெனிகளுக்குப் பொதுவான டெக்ட் விதி) ஒத்துழைப்பு உள்ளதென்றால் பேச்சுக்குச் சேரும். பேஸின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைபோன் மெனுவில் பதிவு செய்யுங்கள். கேட்கும் பின் (PIN) எண் பெரும்பாலும் 0000. ஆனால் எஸ்.எம்.எஸ்., பொதுப் போன்புக் இவை வராமல் போகலாம்.

தேவகோட்டையிலிருந்து: வெளிநாட்டுல இருந்து அண்ணன் அனுப்பின செட். எஸ்.எம்.எஸ். மெனு இருக்கு. அனுப்பினா ஒவ்வொரு தடவையும் தோல்வின்னு வருது. செட் பழுதா?

பதில்: பழுது என்று முடிவு கட்டாதீர்கள். செல்போனில் சிம் செய்யும் வேலையை லேண்ட்லைனில் உங்கள் இணைப்பு நிறுவனம் செய்யணும். எழுதி அனுப்பு என்றதும் கார்ட்லெஸ் செட் சேவை மைய எண் ஒன்றை டயல் செய்து, எழுத்துகளை நொடிக்கு 1200 பிட் வேகத்தில் ஒலியாக மாற்றிச் சொல்லும். அந்த மையம் இல்லாத இணைப்பில் மெனு இருந்தும் பிரயோஜனம் இல்லை. வெளிநாட்டு செட்டில் அந்த நாட்டு மைய எண்தான் பதிந்திருக்கும், அதனால் இங்கே தோல்விதான் வரும்.

முதலில் உங்கள் நிறுவனத்தைக் கேளுங்கள்: லேண்ட்லைன் எஸ்.எம்.எஸ். உண்டா, மைய எண் என்ன. உண்டு என்றால் காலர் ஐடி சேவையை இயக்கச் சொல்லுங்கள், அது இல்லாமல் செய்தி உள்ளே வராது. உங்கள் எண்ணை மறைக்கும் வசதியை நீக்குங்கள். பிறகு அமைப்புகளில் அனுப்பும் மையம், பெறும் மையம் இரண்டையும் பதிந்து, சோதனைக்கு உங்கள் லேண்ட்லைனுக்கே ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் குரலைச் சுருக்கி அனுப்பினால் இந்த ஒலி சிதையும். குரலைச் சுருக்காத ஜி.711 முறையில் இருந்தால்தான் தாங்கும், அதையும் கேட்டுவிடுங்கள்.

தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 70 குறியீடுதான், ஆங்கிலத்தில் 160. 'ஆச்சி' என்று எழுதினால் கண்ணுக்கு மூன்றெழுத்து, கணக்கில் ஐந்து போகும். அதோடு பல கார்ட்லெஸ் செட்டில் தமிழ் எழுத்துரு கிடையாது, கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

கோட்டையூரிலிருந்து: செய்தி வரும்போதெல்லாம் மணி அடிக்குது. எடுத்தா 'கீ...'ன்னு சத்தம்.

பதில்: அது மையம் உங்கள் செட்டோடு பேச முயலும் சத்தம். பெறும் மைய எண் சரியாகப் பதிந்திருந்தால், காலர் ஐடியில் அந்த எண்ணைப் பார்த்ததும் செட் மணி அடிக்காமல் தானே எடுத்துக்கொள்ளும். திரையில் வந்த எண்ணையும் பதிந்த எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள், முன்னால் ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் ஒத்துப்போகாது. அதே லைனில் எஸ்.எம்.எஸ். வசதியுள்ள இரண்டு செட் இருந்தால் ஒன்றில் அந்த வசதியை அணைக்கணும். இரண்டும் ஒரே நேரத்தில் எடுக்கப் போய்ச் செய்தி கெடும்.

சென்னையிலிருந்து: ஆத்தங்குடி வீட்டுல அப்பத்தா தனியா இருக்காங்க. பேங்க் ஓ.டி.பி. லேண்ட்லைனுக்கு வருமா?

பதில்: அதை நம்பாதீர்கள். வங்கி செல் எண்ணுக்குத்தான் அனுப்பும். அவங்களுக்கு ஏற்றது சிம் போடும் மேசை போன். பெரிய பொத்தான், சத்தமான மணி, செய்தியும் வரும். வாங்கும்போது 2ஜி-யா 4ஜி-யா என்று பாருங்கள். ஜியோ சிம் 2ஜி செட்டில் வேலை செய்யாது, 4ஜி வோல்ட்இ (VoLTE, 4ஜியிலேயே பேசும் வசதி) செட்தான் வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு வருவதென்றால் கவனம், 90 நாள் பயன்பாடே இல்லாமல் கிடந்தால் அந்த எண்ணை முடக்கிவிடலாம். ஓ.டி.பி.-யை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதை அப்பத்தாவிடம் நேரில் சொல்லி வையுங்கள். போன் வாங்கிக் கொடுப்பதைவிட அது முக்கியம்.

காரைக்குடியிலிருந்து: தவறிய அழைப்பைத் திருப்பி அழுத்தினா போகலை.

பதில்: லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 போடணும். பட்டியலில் பத்து இலக்கம் மட்டும் இருந்தால் திருத்தி 0 சேர்த்து அழையுங்கள். போன்புக்கிலும் 0-வோடு பதியுங்கள், +91 வேண்டாம்.

புதுவயலிலிருந்து: கரண்ட் போனா செத்துடுது. ரெண்டு மணி நேரத்துல பேட்டரியும் காலி.

பதில்: பேஸுக்குக் கரண்ட் இல்லாமல் கார்ட்லெஸ் ஓடாது. செம்புக் கம்பி லைனில் எக்ஸ்சேஞ்சே 48 வோல்ட் கொடுப்பதால் சாதாரண வயர் போன் ஒன்றை இணையாக வையுங்கள், அது பேசும். ஃபைபர் என்றால் அந்த மோடத்தையும் பேஸையும் இன்வெர்ட்டர் பிளக்கில் போடுங்கள். மோடத்துக்கான 12 வோல்ட் மினி யு.பி.எஸ்.-ஸை பேஸில் செருகாதீர்கள். பேஸின் அடாப்டரில் எழுதிய வோல்ட் வேறாக இருக்கும், கருகிவிடும்.

பேட்டரிக்கு 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, ட்ரிபிள் ஏ அளவு, இரண்டையும் புதிதாகச் சேர்த்தே போடுங்கள். முதல் சார்ஜை கையேட்டில் சொன்ன மணிக்கணக்கு முழுவதும் விடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பென்சில் செல் போட்டுச் சார்ஜில் வைத்தால் ஒழுகும், வெடிக்கவும் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி உறுமத் தொடங்கியதும் அடாப்டர், டெலிபோன் வயர் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். அடாப்டரை மட்டும் எடுத்தால் மின்னல் லைன் வழியாக வந்து பேஸை எரித்துவிடும்.